வாசகர் கேள்வி பதில்: படிக்க வந்த ஊரிலிருந்து இரண்டு நாள் மலைப்பயணம்

கடந்த இரண்டு மாதங்களாக இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே பொருளைப் பற்றியவை. இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கோவைக்குப் படிக்க வந்திருக்கும் மாணவ மாணவியர், சனி ஞாயிறு விடுமுறையில் நண்பர்களோடு நீலகிரிக்கு வந்து திரும்புவது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். கோவையில் ஒரு கல்லூரி விடுதியில் 21 ஆண்டுகள் காப்பாளராக இருந்து, இப்படிப் பல பயணங்களில் மாணவர்களோடு மலையேறி இறங்கியவள் என்ற முறையிலும், இப்போது கோத்தகிரியிலேயே குடியிருப்பவள் என்ற முறையிலும், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்து கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாங்கள் ஆறு நண்பர்கள். மூவர் மலேசியர், ஒருவர் யாழ்ப்பாணம், இருவர் மதுரைக்காரர்கள். சனிக்கிழமை அதிகாலையில் புறப்பட்டு ஞாயிறு இரவுக்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும். மலை ரயில், ஊட்டி ஏரி, தொட்டபெட்டா, பைக்காரா, குன்னூர், கோத்தகிரி, முதுமலை ஆகிய அனைத்தையும் பார்க்கத் திட்டமிட்டுள்ளோம். சரியாக வருமா?

பதில்: வராது. ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக முதுமலைக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். திரும்பவும் அதே தொலைவு. மலைப்பாதையில் பேருந்து மணிக்கு 25 கிலோமீட்டர் போனால் அதுவே நல்ல வேகம் என்பதையும், சனிக்கிழமை பகலில் ஊட்டி நகருக்குள் நுழைவதற்கே வாகனங்கள் வரிசையில் நிற்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், உங்களுடைய இரண்டு நாட்களும் சன்னலோரத்திலேயே கழிந்துவிடும் என்பது விளங்கும். என் விடுதி மாணவர்கள் திங்கட்கிழமை காலையில் வந்து சொன்ன அனுபவங்களில், ஏழு இடங்களைப் பார்த்தவர்கள் எதையும் விவரமாகச் சொன்னதில்லை. ஓர் ஊரில் தங்கியவர்கள் அடுத்த பருவத் தேர்வு வரை அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே முதுமலை, பைக்காரா, ஊட்டி ஏரி, தொட்டபெட்டா நான்கையும் இம்முறை விட்டுவிடுங்கள். முதல் நாள் மலை ரயிலும் குன்னூரும், இரவு கோத்தகிரியில் தங்கல், மறுநாள் கோத்தகிரி, இவ்வளவே போதும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7 மணி வாக்கில் புறப்படும் மலை ரயிலைத் தவறவிடாதீர்கள். மேட்டுப்பாளையம் முதல் உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய இந்த ரயிலை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பொறியியல் படிப்பவர் என்பதால் ஒன்றைக் குறிப்பாகச் சொல்கிறேன். கல்லாறு நிலையத்தைக் கடந்ததும் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல்வரிசை கொண்ட இரும்புச் சட்டங்கள் தொடங்கும். 12 அடி நகர்ந்தால் ஓரடி ஏறும் செங்குத்தில், எஞ்சினின் பல்சக்கரம் அந்தப் பற்களில் பொருந்தி, ஒவ்வொரு பல்லாகப் பிடித்து ஏறுகிறது. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. பெட்டிகளின் முன்புற மேடையில் கையில் கொடியுடன் நிற்கும் பிரேக்ஸ்மேன்களைக் கவனியுங்கள். பாதையைப் பார்ப்பது அவர்கள் கண். நிறுத்துவது அவர்கள் கை. ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் இறங்கிக் கால் நீட்டிக்கொள்ளலாம். ஆனால் கையில் தின்பண்டத்தோடு இறங்கினால் குரங்குகள் விடா.

இந்த ரயிலுக்கு முன்பதிவுச் சீட்டு வாரக்கடைசிகளில் கிடைப்பது அரிது. கிடைக்கவில்லை என்றால் பயணத்தையே தள்ளிப்போட வேண்டாம். பேருந்தில் குன்னூர் வந்து, அங்கிருந்து ஊட்டி வரை செல்லும் ரயிலில் ஏறினால் வெலிங்டன், அறவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக 19 கிலோமீட்டர் போகலாம். பல்சட்டமும் நீராவி எஞ்சினும் இருக்காது. ஆனால் கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறிப் படிக்கட்டுகள் முழுவதும் கண்முன் விரியும்.

குன்னூரில் 1874இல் அமைந்த சிம்ஸ் பூங்காவில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, மாலை 4 மணிக்குள் கோத்தகிரிப் பேருந்தைப் பிடியுங்கள். இந்த வழியில் தேயிலைச் சரிவுகள் சாலையின் இருபுறமும் நெருங்கி வரும். மறுநாள் காலையில் கன்னேரிமுக்கு கிராமத்தில் உள்ள சல்லிவனின் பங்களாவுக்குச் செல்லுங்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய வீடு அது. நீலகிரியில் எழுந்த முதல் ஐரோப்பியர் வீடு. ஊட்டி என்னும் நகரம் உருவாவதற்கு முந்தைய கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. இம்மலையின் பழங்குடியினரான தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் ஆகியோரைப் பற்றியும் படுகரைப் பற்றியும் ஓரளவு அறிந்துகொண்டு பிறகு ஊருக்குள் நடந்தால், கண்ணில் படுபவை வேறு விதமாகப் புலப்படும். கோத்தகிரி என்ற பெயரிலேயே கோத்தர் இருக்கிறார்கள் என்பதை உங்கள் மலேசிய நண்பர்களுக்கு நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

மீதி நேரத்தில் கோடநாடு காட்சிமுனையா, லாங்வுட் சோலையா என்று கேட்டால், நான் சோலையையே சொல்வேன். ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்புள்ள இச்சோலைக்காடு, 2024இல் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கோத்தகிரியைச் சுற்றியுள்ள பல கிராமங்களின் குடிநீர் இந்தக் காட்டிலிருந்து ஊறி வருவது. வனத்துறையின் அனுமதி பெற்றே உள்ளே செல்ல வேண்டும். மழை பெய்திருந்தால் அட்டைகள் காலில் ஏறும், சிறிது உப்புப் பொட்டலம் கைவசம் இருக்கட்டும். உள்ளே நுழைந்து பத்தடி வைத்ததும் வெளிச்சமும் வெப்பமும் ஒருசேரக் குறைவதை உடம்பு உணரும். அங்கே ஆறு பேரும் ஐந்து நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள்.

ஞாயிறு பிற்பகல் 3 மணிக்குள் கோத்தகிரியை விட்டுப் புறப்படுங்கள். மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான். ஆனால் எல்லாருக்கும் திங்கட்கிழமை இருப்பதால் மாலையில் மலை முழுவதும் ஒரே நேரத்தில் இறங்குகிறது.

கேள்வி: நாங்கள் தங்கப் போன விடுதியில், இந்தியர்கள் மட்டும் தங்கலாம், வெளிநாட்டவர்க்கு அறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாங்களும் தமிழ்தான் பேசுகிறோம் என்று கூறியும் பயனில்லை. மனம் மிகவும் புண்பட்டது. இது முறைதானா? (ஈப்போவைச் சேர்ந்த மாணவி, கோவை)

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அவர்கள் மறுத்ததற்குப் பெரும்பாலும் காரணம் வெறுப்பு அன்று, ஒரு படிவம். வெளிநாட்டுக் குடிமக்கள் எவர் தங்கினாலும், அவர்களுடைய கடவுச்சீட்டு, விசா விவரங்களைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். விடுதிக்காரர்கள் இதைச் 'சி ஃபாரம்' என்பார்கள். அந்தப் பதிவுக்குரிய கணக்கைத் தொடங்காத சிறு விடுதிகள், வம்பு எதற்கு என்று அறை இல்லை எனச் சொல்லிவிடுகின்றன. நீங்கள் பேசும் மொழியால் இது மாறுவதில்லை. கடவுச்சீட்டின் நிறமே இங்கே கணக்கு.

இந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்ட இரவு இன்றும் நினைவில் இருக்கிறது. இலங்கை மாணவியர் ஐவரையும் உள்ளூர் மாணவியர் மூவரையும் அழைத்துக்கொண்டு ஒரு டிசம்பர் மாதத்தில் ஊட்டிக்கு வந்திருந்தேன். முன்பணம் அனுப்பி உறுதி செய்திருந்த விடுதியில், இரவு 8 மணிக்குக் கடவுச்சீட்டுகளைப் பார்த்ததும் சாவியைத் திருப்பி எடுத்து வைத்துவிட்டார்கள். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி, குளிர் தாங்காமல் இரண்டு கைகளையும் பையின் தோள்பட்டைக்கு அடியில் செருகிக்கொண்டு நின்றாள். 'எங்களால்தானே மேடம் உங்களுக்கு இந்தக் கஷ்டம்' என்று அவள் கேட்டதை நான் மறக்கவில்லை. இரவு 11 மணிக்கு வேறொரு விடுதியில் இடம் கிடைத்தது. முன்பதிவு செய்தபோது, வருகிறவர்களில் வெளிநாட்டவர் உண்டு என்பதை நான் சொல்லாமல் விட்டதுதான் அன்றைய தவறு.

எனவே தொலைபேசியில் முதல் கேள்வியாக இதையே கேளுங்கள்: 'எங்களில் இத்தனை பேர் வெளிநாட்டுக் குடிமக்கள், சி ஃபாரம் போடுவீர்களா?' ஆம் என்றால் மட்டும் பணம் அனுப்புங்கள். மூலக் கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருங்கள்; கடவுச்சீட்டு, விசா உள்ள பக்கம், கல்லூரி அடையாள அட்டை, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பெற்ற சான்று ஆகியவற்றின் நகல்களை இரண்டு படிகளாக எடுத்து வாருங்கள். கடவுச்சீட்டைக் காட்டலாம், இரவு முழுவதும் வரவேற்பறையில் விட்டுவைக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவன் நல்ல வசதியானவன், சொகுசு விடுதியில்தான் தங்க வேண்டும் என்கிறான். இன்னொருவன் கல்விக்கடனில் படிக்கிறான். அவன் எதுவும் சொல்வதில்லை, ஆனால் தயங்குவது தெரிகிறது. செலவை எப்படிப் பிரிப்பது? (கோவை மாணவர்)

பதில்: செலவைப் பிரிப்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் செலவின் அளவை முடிவு செய்யுங்கள். உங்களில் கையிருப்பு மிகக் குறைவாக உள்ளவனால் மனம் சுருங்காமல் எவ்வளவு தர முடியுமோ, அதுவே எல்லாருக்கும் உரிய பங்கு. அதற்குள் அடங்கும் விடுதி, அதற்குள் அடங்கும் உணவு. வசதியான நண்பன் மிகுதியைத் தானே தருகிறேன் என்று முன்வந்தாலும் ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து. அவன் நல்லெண்ணத்தோடு கொடுப்பான். ஆனால் பெற்றுக்கொண்டவன் இரண்டு நாளும் விருந்தாளியாகவே நடந்துகொள்வான், நண்பனாக இருக்க மாட்டான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பயணத்தில், சாப்பிடும் நேரமெல்லாம் வயிறு சரியில்லை என்று சொல்லித் தேநீரோடு நிறுத்திக்கொண்ட ஒரு மாணவன் இருந்தான். குன்னூர்ப் பேருந்து நிலையக் கடையில் எல்லாருக்கும் வர்க்கி என்னும் தின்பண்டத்தைச் சூடாக வாங்கிக் கொடுத்தேன். அவன் தன்னுடையதைச் சத்தமின்றி நான்காக உடைத்து, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, மூன்றைக் கைக்குட்டையில் மடித்து வைத்தான். இரவுக்கும் மறுநாளுக்கும் அதுதான் அவன் ஏற்பாடு என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவனுடைய நண்பர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர்; யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். ஆகவே பேச வேண்டியவர் நீங்களே. அவனிடமல்ல, வசதியான நண்பனிடம், தனியாக.

நடைமுறைக்கு வருவோம். புறப்படும் முன்பே பொதுப் பணப்பை ஒன்றில் எல்லாரும் சமமாகப் போட்டு, ஒருவர் பொறுப்பில் விடுங்கள். பேருந்து, அறை, மூன்று வேளை உணவு அனைத்தும் அதிலிருந்தே போகட்டும். யூகலிப்டஸ் தைலம், சாக்லேட், கம்பளிக் குல்லாய் போன்றவை அவரவர் சொந்தச் செலவு. அரசுப் பேருந்தும், இரண்டு அறையில் ஆறு பேரும், வழிக்கடைச் சாப்பாடும் என்றால் மலைப்பயணம் மலிவாகவே முடியும். வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது இம்மலைக்கே உரிய தின்பண்டம். சூடான தேநீரில் தோய்த்து அதைத் தின்னும் மாலை நேரத்துக்கு எந்தச் சொகுசு விடுதியும் ஈடாகாது.

கேள்வி: வாடகைக்குக் கார் எடுத்து நாங்களே ஓட்டி வரலாமா? ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்க எண்ணம். (மாணவர், பொள்ளாச்சி சாலை, கோவை)

பதில்: வேண்டாம். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விபத்துகள் மிகுந்ததால் வெளிமாவட்ட வாகனங்கள் அவ்வழியே இறங்க அனுமதிப்பதில்லை. முதுமலை, பண்டிப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை உண்டு. வெளிநாட்டு உரிமம் மட்டும் வைத்திருப்பவர், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இல்லாமல் இங்கே வண்டி ஓட்டக் கூடாது. நண்பரின் நண்பர் என்று சொல்லி வெள்ளை எண் பலகை கொண்ட சொந்த உபயோக வண்டியை வாடகைக்குக் கொடுப்பவர்களிடம் சிக்காதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிடும். மலைச்சாலையில் பழகாத கை, இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதை அறிந்த ஓட்டுநரோடு வாடகை வண்டியில் வாருங்கள்.

அப்படி வந்தால் இ-பாஸ், அதாவது இணையவழி நுழைவு அனுமதி, தேவை. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இம்முறை நடப்பில் உள்ளது. வெளிநாட்டவர் தம் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு விண்ணப்பிக்கலாம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வாரக்கடைசியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருபவர்களுக்கு இ-பாஸ் வேண்டியதில்லை. நான் பேருந்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: வளைவுகளில் என் தோழிக்கு வாந்தி வருகிறது. அவளை விட்டுவிட்டு வர எங்களுக்கு மனமில்லை. (மாணவி, திருகோணமலை)

பதில்: விட்டுவிட்டு வர வேண்டாம். வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது, வயிறு முட்டவும் உண்ணக் கூடாது. இரண்டு இட்லி போதும். பேருந்தின் முன்பகுதியில் சன்னலோரம் அமர்ந்து, கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுத் தூரத்துச் சாலையைப் பார்த்துவரச் சொல்லுங்கள். மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கினால் ஏறுவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும். மலைப்பாதையில் பாதி ஏறி, பர்லியாறு வந்தபின் போட்டுப் பயனில்லை. முடிந்தால் ரயிலில் அழைத்து வாருங்கள். அது மெதுவாக ஏறுவதால் பலருக்கு வயிறு கலங்குவதில்லை.

கேள்வி: என் மகள் கோவையில் படிக்கிறாள். தோழியரோடு நவம்பரில் குன்னூர் போக அனுமதி கேட்கிறாள். மண்சரிவுச் செய்திகளைக் கண்டு அஞ்சுகிறேன். மறுத்தால் கோபிப்பாள். (தாய், பினாங்கு)

பதில்: அம்மா, உங்கள் அச்சம் வீணானதன்று, அனுமதி மறுக்கவும் வேண்டாம். மாதத்தை மாற்றச் சொல்லுங்கள்.

நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கமான கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பகுதிகளில் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. சமவெளி ஊர்கள் பலவற்றில் ஆண்டு முழுவதற்குமே அவ்வளவு மழை இராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவான குன்னூரையும் கோத்தகிரியையும் பிடிக்கும். 2009 நவம்பரில் அப்படிப் பெய்த மழையில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலை ரயில் பாதையில் பாறையும் மரமும் விழுந்து நாட்கணக்கில் போக்குவரத்து நிற்பதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான்.

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முடிய வானம் தெளிந்திருக்கும், கூட்டமும் குறைவு. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் என்பதால், பினாங்கின் வெக்கையில் வளர்ந்த பிள்ளைக்குக் கனமான ஸ்வெட்டரும் காலுறையும் அவசியம். ஏப்ரல், மே மாதங்களில் மலர்க்கண்காட்சிக் கூட்டம். அப்போது மாணவர்க்கு அறையும் கிடைக்காது, நிம்மதியும் கிடைக்காது.

மழையைவிட நான் பெண் பிள்ளைகளுக்கு வலியுறுத்திச் சொல்வது இன்னொன்று. கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் காட்டு மாடுகளும் கரடிகளும் தேயிலைத் தோட்டங்களிலும் குடியிருப்பு ஓரங்களிலும் நடமாடுவது அன்றாடச் செய்தி. என் வீட்டுக்கு எதிரே உள்ள தோட்டத்தில், மாலை 6 மணிக்கு மேல் தேயிலைச் செடிகளுக்கு மேலே கரிய முதுகு ஒன்று மட்டும் அசையாமல் தெரியும். முழங்காலிலிருந்து குளம்பு வரை வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்கள், அது சாலைக்கு வந்த பிறகே கண்ணுக்குப் படும். அது அமைதியானதுதான், ஆனால் படம் எடுக்க நெருங்கினால் அமைதியாக இராது. இருட்டுவதற்கு முன் அறைக்குத் திரும்பிவிட வேண்டும், நடந்து செல்லும் வழியை உள்ளூர்க்காரரிடம் கேட்டே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு மகளுக்கு அனுமதி கொடுங்கள். விடுதியின் பெயரையும் உடன் செல்லும் தோழியர் இருவரின் எண்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கொரு முறை அழைக்காதீர்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, பதில் வராத ஒவ்வோர் அழைப்பும் உங்களைத்தான் வாட்டும்.

கேள்வி: சோதனைச் சாவடியில் எங்கள் தண்ணீர் பாட்டில்களை எல்லாம் வாங்கிக்கொண்டார்களே, ஏன்? (மாணவர், கோவை)

பதில்: ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு நீலகிரி மாவட்டத்தில் தடை உள்ளது, கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம். எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கொன்று எடுத்து வாருங்கள். குடிநீர் நிரப்பிக்கொள்ளும் இயந்திரங்கள் சாலையோரங்களில் உள்ளன.

கேள்வி: நான் இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கோவையில் முதுகலை படிக்கிறேன். என் அம்மாயியின் (அம்மாவின் அம்மா) தங்கை குடும்பம் 1970களில் இந்தியாவுக்கு வந்துவிட்டது. கோத்தகிரி அருகே இருப்பதாக ஒரு பழைய கடித உறை மட்டும் அம்மாயியிடம் இருந்தது. அதை என்னிடம் கொடுத்தனுப்பினார். அடுத்த மாதம் நண்பர்கள் ஐவரோடு மலைக்கு வருகிறேன். அவர்களைத் தேடிப் போகலாமா? நண்பர்களையும் அழைத்துச் செல்லலாமா? என்ன கொண்டு போவது? தமிழ்நாட்டுத் தோழியருக்கு எங்கள் கதையே தெரியவில்லை.

பதில்: மகளே, உங்கள் கடிதத்தைக் கடைசியில் வைத்தது, இதற்கு நிறைய இடம் வேண்டும் என்பதற்காகவே.

உங்கள் தோழியருக்காக முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கிலேயர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற குடும்பங்களின் வழிவந்தவர்கள், 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றபின் குடியுரிமை இழந்தனர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்று எண்ணிக்கையாகப் பிரித்தார்கள். 1974இல் அந்த எஞ்சியவர்களும் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த அக்காள் அங்கேயும் தங்கை இங்கேயும் ஆனது இப்படித்தான். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து பல ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. 'டான்டீ' என்று இன்று எல்லாரும் அறிந்த நிறுவனம் அதுதான். அரசுக் காகிதங்களில் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதினார்கள். கண்ணால் கண்டிராத ஊருக்கு வந்தவர்களுக்கு அந்தச் சொல் எப்படிப் பட்டிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

என் அண்டை வீட்டில் அப்படி வந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். அவருடைய கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி. மூடியில் அவர் கணவரின் பெயரும் ஓர் எண்ணும் வெள்ளைப் பெயின்டால் எழுதப்பட்டு, பாதி உதிர்ந்துவிட்டது. கப்பலில் வந்த பெட்டி. இப்போது அதில் ரேஷன் அட்டையும் பேரனின் கல்லூரிச் சான்றிதழும் இருக்கின்றன. தேநீரை இன்றும் அவர் 'தேத்தண்ணி' என்றுதான் சொல்வார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ரொட்டியும் சம்பலும் செய்து கொடுப்பார். தன் தோட்டத்துப் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் சற்று உயரும்.

தேடிப் போங்கள். உறையில் உள்ள டிவிஷன் (தோட்டப் பிரிவு) பெயரையும் எண்ணையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொண்டு, கோத்தகிரி அஞ்சலகத்தில் முதலில் விசாரியுங்கள். சனிக்கிழமை முற்பகலிலேயே இதைச் செய்துவிட வேண்டும். ஞாயிறு அஞ்சலகம் இருக்காது. தோட்டத்து வழியில் செல்லும் பேருந்தின் நடத்துநர்களுக்கும், கொழுந்து எடுக்கும் பெண்களுக்கும் யார் எந்த லயத்தில் இருக்கிறார்கள் என்பது தெரியும். 'சிலோன்காரர் வீடு எது?' என்று மட்டும் கேட்க வேண்டாம். இங்கே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளையும் அந்தப் பெயராலேயே ஒதுக்கிப் பேசுபவர்கள் உண்டு. அது அவர்களுக்கு வலிக்கும். அம்மாயியின் தங்கை பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் முறை செல்லும்போது ஐவரையும் அழைத்துச் செல்லாதீர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: லயத்து வீடு என்பது ஓர் அறையும் சமையற்கட்டும். ஆறு பேர் ஒருசேர வந்து நின்றால், அமர வைக்க இடமில்லையே என்ற கூச்சத்திலேயே அந்த வீடு தவித்துப் போகும். ஒரே ஒரு தோழியோடு செல்லுங்கள். மற்றவர்கள் அந்தப் பகலை லாங்வுட் சோலையில் கழிக்கட்டும். வீட்டார் அழைத்தால் மறுநாள் காலையில் அனைவரும் போகலாம். தோழியிடம், கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நீங்கள் இலங்கைக் குடிமகள் என்பதால் இரவு அங்கே தங்குவதும் பதிவுக்கு உட்பட்டதே. அந்தச் சிக்கலை அவர்கள் தலையில் ஏற்றாமல் விடுதிக்கே திரும்பிவிடுங்கள்.

போனதும் பழைய நாட்களைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். அவர் கேட்பார்: யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், கோயில் திருவிழா நடக்கிறதா, அந்தப் பலாமரம் இருக்கிறதா என்று. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல ஆயத்தமாகச் செல்லுங்கள். வாரக்கடைசிக்கு முன்பே உங்கள் அம்மாவிடம் சொல்லி, லயத்தையும், தோட்டத்து மாரியம்மன் கோயிலையும், அம்மாயி வாசலில் அமர்ந்திருப்பதையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கைப்பேசியில் காட்டினால் வயதான கண்ணுக்குத் தெரியாது. கோவையில் ஒரு ஸ்டுடியோவில் பெரிய அளவில் அச்சிட்டு எடுத்துப் போங்கள். பழமோ பலகாரமோ உங்கள் விருப்பம். நான் சொன்னால் அந்தப் படங்களும், ஹட்டன் தேயிலை அரைக் கிலோவும் போதும். தேயிலைக்கு நடுவே வாழ்கிறவருக்குத் தேயிலையா என்று எண்ண வேண்டாம். பொட்டலத்தைப் பிரித்ததும் அவர் முதலில் முகர்ந்து பார்ப்பார்.

அம்மாயியை அழைத்துப் பேச வைக்க விரும்பினால், முந்தைய நாளே அங்கே நேரம் சொல்லி வையுங்கள். தோட்டத்துப் பள்ளங்களில் சிக்னல் நிற்பதில்லை. சாலை ஓரத்து மேட்டுக்கு அவரைக் கைபிடித்து அழைத்து வர வேண்டியிருக்கலாம். வெளிச்சம் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள். திரும்புவதற்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை, இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.